இரண்டு வயதுக் குதிரையை நானே பழக்கலாமா?

கேள்வி: முதல் முறையாகக் குதிரை வாங்கியிருக்கிறேன், வயது இரண்டு. 'நேச்சுரல் ஹார்ஸ்மன்ஷிப்' முறையில் நானே பழக்க முடியுமா?

தரையில் நின்று பழக்குவதைத் தாராளமாகச் செய்யலாம். அமெரிக்க மேற்கில் டாம் டாரன்ஸ், ரே ஹன்ட் போன்றவர்கள் பரப்பிய இந்த முறையின் உயிர்நாடி ஒன்றுதான்: லேசாக அழுத்தம் கொடுங்கள், குதிரை இணங்கிய கணமே விட்டுவிடுங்கள். விடுகிற அந்த நொடியில்தான் அது கற்றுக்கொள்கிறது.

பின்னால் நகர வைக்க வேண்டுமா? முகக்கயிற்றை மெல்லப் பின்னோக்கிப் பிடித்துக் காத்திருங்கள், இழுக்காதீர்கள். எடை பின்னங்கால்களுக்கு மாறுவது தெரிந்ததுமே விரல்களைத் தளர்த்துங்கள். முழு அடி வரும்வரை பிடித்திருந்தால் முதல் நாளே முரண்டு பிடிக்கும். தலையைத் தாழ்த்தி வாயை மென்றால் பெரும்பாலும் பதற்றம் இறங்குகிறது என்று பொருள். பத்துப் பதினைந்து நிமிடம் போதும்.

ஏறுவதற்கு அவசரமே வேண்டாம். முதுகெலும்பு முழுதாக முதிர ஐந்தாறு வயதாகும். முதல் சவாரிக்கு அனுபவசாலி ஒருவரைக் கூட வைத்துக்கொள்ளுங்கள். புது ஆளும் புதுக் குதிரையும் தனியாக இருந்தால் எலும்பு முறிவது பெரும்பாலும் ஆளுக்குத்தான். அப்புறம், சும்மா சும்மா கையில் தீனி ஊட்டிக் கொஞ்சாதீர்கள், கடிக்கப் பழகிவிடும்.