பச்சை என்றால் எந்தப் பச்சை? – டெஸ்க்டாப் ஸ்டைல் கேள்வி பதில்

காட்பாடியில் இருந்துகொண்டு பதினாறு வருடமாகக் கடைகளுக்கும் தோல் கம்பெனிகளுக்கும் பில், ஸ்டாக், கணக்கு என்று டெஸ்க்டாப் செயலிகள் எழுதுகிறவன் நான். ஞாயிறு மாலை இரண்டு மணி நேரம் யார் வேண்டுமானாலும் கேட்கலாம் என்று குழுவில் சொல்லியிருந்தேன். பொருள் ஒன்றே ஒன்று: பட்டன், லேபிள், டேபிள் என்கிற விட்ஜெட்டுகளின் (திரையில் தெரிகிற உறுப்புகளின்) நிறம், எழுத்து, ஓரம் எல்லாவற்றையும் கோடில் எங்கே வைப்பது. இந்தத் திரைகளை வரைய உதவும் டூல்கிட்டுகளில் எனக்கு நன்றாகத் தெரிந்தது க்யூடி, டிகிண்டர் ஓரளவு. (க்யூடியை உருவாக்கியவர்கள் ‘க்யூட்’ என்று உச்சரிக்கச் சொல்கிறார்கள். நம் பக்கம் யார் வாயிலும் அது நுழையவில்லை.) கேள்விகளைச் சுருக்கியிருக்கிறேன், பதில்கள் சொன்னபடியே.

குடியாத்தம், ஜவுளிக் கடை பில்லிங்: அண்ணா, செயலி முழுக்க ஒரே ஸ்டைல்ஷீட் (தோற்ற விதிகளின் பட்டியல்) போட்டேன். எல்லா பட்டனும் நீலமாகிவிட்டது. ‘பில் போடு’ மட்டும் சாம்பலாகவே நிற்கிறது. செலக்டரை (விதி எதற்கு என்று குறிவைக்கும் பகுதி) எவ்வளவு கறாராக எழுதினாலும் கேட்கவில்லை.

அந்தப் பட்டனுக்கு எங்கேயோ தனியாக ஒரு ஸ்டைல்ஷீட் போட்டிருக்கிறீர்கள். போட்டது மறந்துபோயிற்று, அவ்வளவுதான். வெப் பக்கங்களின் தோற்றத்துக்கு சிஎஸ்எஸ் எழுதிப் பழகியவர்கள் தடுக்கி விழுகிற இடம் இது. அங்கே செலக்டர் எவ்வளவு குறிப்பானதோ அவ்வளவு பலம். க்யூடியில் விட்ஜெட்டின் சொந்த ஷீட்டுக்கும் அப்பா வீட்டிலிருந்து (அதை உள்ளே வைத்திருக்கிற விண்டோ, அப்ளிகேஷன்) வருகிற ஷீட்டுக்கும் மோதல் வந்தால் சொந்த ஷீட்தான் ஜெயிக்கும். மேலே எழுதியது எவ்வளவு கறாராக இருந்தாலும் எடுபடாது. புராஜெக்ட் முழுக்க ‘செட்ஸ்டைல்ஷீட்’ என்று தேடுங்கள். டிசைனரில் வரைந்த திரையாக இருந்தால் அந்த யூஐ கோப்புக்குள்ளும் தேடுங்கள். பாதி நேரம் அங்கேதான் ஒளிந்துகொண்டிருக்கும்.

நான் செய்கிற ஏற்பாட்டையும் சொல்லிவிடுகிறேன், பின்னால் பத்துப் பேர் இதையே கேட்பார்கள். ஸ்டைலுக்கு ஒரே ஒரு கோப்பு. செயலி தொடங்கும்போது அதைப் படித்து அப்ளிகேஷன் மேல் ஒரே தடவை போடுகிறேன். ஒரே ஒரு விட்ஜெட்டுக்கு மட்டும் வேறு தோற்றம் வேண்டுமென்றால் ஆப்ஜெக்ட் நேம் (அதற்கு மட்டும் வைக்கிற பெயர்). ஒரு வகையைச் சேர்ந்த பல விட்ஜெட்டுகளுக்கு என்றால் ப்ராபர்ட்டி (அவற்றின் மேல் ஒட்டுகிற குறிப்பு). உதாரணமாக, நீக்கு, ரத்து, பில் அழி மூன்று பட்டனுக்கும் ‘வகை’ என்ற ப்ராபர்ட்டியில் ‘அபாயம்’ என்று எழுதிவிட்டு, ஷீட்டில் சதுர அடைப்புக்குள் அந்த வகையைக் குறிப்பிட்டு ஒரே விதி. அபாயத்தின் நிறம் நாளைக்குச் சிவப்பிலிருந்து ஆரஞ்சுக்கு மாறினால் ஒரே இடத்தில் மாற்றினால் போதும்.

ஒரு எச்சரிக்கை. செயலி ஓடிக்கொண்டிருக்கும்போது ப்ராபர்ட்டியை மாற்றினால் திரை தானாக மாறாது. அந்த விட்ஜெட்டின் ஸ்டைலிடம் சொல்லி முதலில் ‘அன்பாலிஷ்’, அப்புறம் ‘பாலிஷ்’ செய்ய வேண்டும். இது தெரியாமல் ஒரு ராத்திரி முழுக்க விழித்தவன் சொல்கிறேன்.

ஆரணி, பட்டு ஸ்டாக்: ஒரு க்யூஃப்ரேமுக்கு (மற்றவற்றை உள்ளே வைக்கிற சட்டம்) சிவப்பு ஓரம் கொடுத்தேன். உள்ளே இருக்கிற லேபிள் ஒவ்வொன்றுக்கும் சிவப்புக் கட்டம் வந்துவிட்டது, கல்யாணப் பத்திரிகை மாதிரி.

க்யூலேபிள் என்ற வகையே க்யூஃப்ரேம் என்ற வகையிலிருந்து பிறந்த வாரிசு. வகைப் பெயரை மட்டும் எழுதினால் அந்த வகையின் வாரிசுகளுக்கும் சேர்த்துத்தான் பொருந்தும். பெயருக்கு முன்னால் ஒரு புள்ளி வைத்தால் அந்த வகைக்கு மட்டும், வாரிசுக்குக் கிடையாது. ஆப்ஜெக்ட் நேம் கொடுத்து அதைக் குறிவைப்பது இன்னும் நல்லது. செலக்டரே இல்லாமல் வெறும் ‘பார்டர்’ வரியை மட்டும் பேனல் மேல் போட்டீர்களோ, உள்ளே இருக்கிற எல்லாவற்றுக்கும் இறங்கும், டூல்டிப்புக்குக்கூட.

ராணிப்பேட்டை: பட்டன் நிறத்தை மாற்றுவது எப்படி சார்?

குடியாத்தத்துக்குச் சொன்னதைப் படியுங்கள்.

வாணியம்பாடி, தோல் ஸ்டாக்: ஒவ்வொரு லாட்டும் எந்தக் கட்டத்தில் இருக்கிறது என்பதற்கு டேபிளில் வரிசைக்கு ஒரு நிறம். கோடில் பச்சை, நீலம், க்ரஸ்ட், ஃபினிஷ் என்று பெயர் வைத்திருந்தேன். பச்சைத் தோல் வரிசை வெளிர் மஞ்சளில் வரும். நான் லீவில் இருந்த வாரம், புதிதாகச் சேர்ந்த பையன் “பெயர் பச்சை, நிறம் மஞ்சளா, தப்பாச்சே” என்று ‘திருத்தி’ பச்சை நிறத்தைப் போட்டுவிட்டான். எங்கள் கிடங்கில் பச்சை வரிசை என்றால் அனுப்பத் தயார். உப்புப் போட்ட அந்தப் பச்சைத் தோலை லாரியில் ஏற்றப் போய்விட்டார்கள். பையனைத் திட்டுவதா, என்னைத் திட்டிக்கொள்வதா?

உங்களைத்தான். தொழில் தெரியாதவர்களுக்காக ஒரு வரி: பச்சைத் தோல் என்றால் பதனிடாத தோல். பச்சைத் தண்ணீர், பச்சைக் குழந்தை என்கிறோமே, அந்தப் பச்சை. குரோம் உப்பில் பதனிட்டதும் தோல் வெளிர் நீலமாகிவிடும். ஈரத்தோடு இருக்கிற அந்த நிலைக்கு வெட் ப்ளூ என்று பெயர். காய்ந்து அடுத்த கட்டம் போனால் க்ரஸ்ட், கடைசியில் ஃபினிஷ். ஆக, நீங்கள் வைத்த நான்கு பெயரில் இரண்டு பார்ப்பவனுக்கு நிறம், எழுதியவனுக்கு நிலை. பையன் அவன் கண்ணால் பார்த்ததைச் செய்தான். ஸ்டைலுக்குப் பெயர் வைக்கும்போது நிறத்தைச் சொல்லாதீர்கள், வேலையைச் சொல்லுங்கள். ‘பதனிடாதது’ என்று இருந்திருந்தால் யார் கை வைத்திருப்பார்கள்?

இன்னொன்று. டேபிளின் வரிசை விட்ஜெட் இல்லை. அதற்கு ப்ராபர்ட்டி வைத்து ஷீட்டில் பிடிக்க முடியாது. டேபிளுக்குத் தகவல் கொடுக்கிற மாடல் தருகிற ‘பேக்கிரவுண்ட் ரோல்’ வழியாகத்தான் நிறம் போக வேண்டும். ஷீட்டில் டேபிளின் ‘ஐட்டம்’ பகுதிக்கு நீங்களே பின்னணி நிறம் எழுதிவிட்டால், மாடல் கொடுத்த நிறம் அடிபட்டுப்போகும்.

ஆம்பூர்: குறுக்கே வருகிறேன், மன்னிக்கவும். வெட் ப்ளூ நிறத்தின் பெயர் இல்லை, சரக்கின் பெயர். கூலியாளிலிருந்து முதலாளி வரை அதைத்தான் சொல்கிறார்கள். நீங்கள் சொல்கிற மாதிரி ‘நிலை இரண்டு’ என்று எழுதினால் யாருக்குப் புரியும்?

‘நிலை இரண்டு’ என்று நான் சொல்லவே இல்லை. ‘வெட்ப்ளூ’ என்று முழுதாக எழுதினால் எனக்குச் சம்மதம். வெறும் ‘நீலம்’ என்று சுருக்கியதைத்தான் சொன்னேன்.

ஆம்பூர்: அப்படியானால் ‘பச்சைத்தோல்’ என்று முழுதாக எழுதியிருந்தாலும் போதுமே? பெயரில் நிறம் வரவே கூடாது என்ற விதி எதற்கு?

நியாயம். என் விதியைக் கொஞ்சம் தளர்த்துகிறேன். தொழிலில் புழங்குகிற பெயரைப் பாதியாக வெட்டாமல் வையுங்கள், உள்ளே நிறம் இருந்தாலும் பரவாயில்லை.

பேரணாம்பட்டு: அதுவும் சரி வராது. ஆவாரம்பட்டையில் பதனிட்ட தோல் நீலமாவதே இல்லை. எங்கள் மாமா கிடங்கில் இரண்டு வகையும் உண்டு. பதனிட்ட எல்லா லாட்டுக்கும் ‘வெட்ப்ளூ’ ஸ்டைல் போட்டால் பட்டைத் தோல் எந்த வரிசையில் சேரும்?

இதுதான் நான் தேடின உதாரணம், நன்றி. பதனிட்டாயிற்றா என்பது ஒரு கேள்வி, எதில் பதனிட்டது என்பது இன்னொரு கேள்வி. ஒரே ஸ்டைல் பெயரில் இரண்டையும் அடைத்தால் மூன்றாவது வகை சரக்கு வந்த அன்று உடைந்துபோகும். கட்டத்துக்கு நிறம் வையுங்கள். வகைக்கு டேபிளில் பக்கத்திலேயே தனி நெடுவரிசை.

வாலாஜாபேட்டை: எங்கள் ஸ்டோர் கீப்பருக்குச் சிவப்பும் பச்சையும் ஒன்றாகத்தான் தெரியும். உங்கள் சண்டை முழுவதும் அவருக்கு அனாவசியம்.

உண்மை. நிறத்தோடு ஓர் எழுத்தோ சொல்லோ கட்டாயம் இருக்க வேண்டும். வாணியம்பாடிக்காரர் குறித்துக்கொள்ளவும். அரை மணி நேரம் தோலிலேயே போய்விட்டது, அடுத்த கேள்விக்கு வருவோம்.

காட்பாடி, கல்லூரி மாணவர்: சார், டிகிண்டரில் டிடிகே (தீம் வைத்து வரைகிற பகுதி) பட்டனுக்குச் சிவப்புப் பின்னணி கொடுத்தேன். விண்டோஸில் வரவே இல்லை.

வராது. அங்கே வழக்கமாக வருகிற ‘விஸ்டா’ தீம் பட்டனை விண்டோஸைக் கொண்டே வரைகிறது, உங்கள் பின்னணி நிறத்தைக் கண்டுகொள்ளாது. ‘கிளாம்’ தீமுக்கு மாறுங்கள். பிறகு ‘அபாயம்.டிபட்டன்’ என்று ஒரு ஸ்டைல் செய்து கான்ஃபிகர் பண்ணுங்கள். புள்ளிக்குப் பின்னால் அந்த மூலப் பெயர் ஆங்கிலத்தில் எழுத்து மாறாமல் இருக்க வேண்டும், இல்லாவிட்டால் லேஅவுட் கிடைக்கவில்லை என்று பிழை வரும். மவுஸ் மேலே வந்தால், பட்டன் முடங்கினால் என்ன நிறம் என்பதற்கு ‘மேப்’. எல்லாவற்றையும் ஒரே ஃபங்ஷனில் போட்டு, விண்டோ திறந்ததும் ஒரு தடவை கூப்பிடுங்கள் தம்பி. திரைக்குத் திரை எழுதாதீர்கள்.

அரக்கோணம்: ஷீட்டில் நிறங்களுக்கு வேரியபிள் வைக்க முடியுமா?

முடியாது, க்யூடி ஷீட்டில் அந்த வசதி இல்லை. நான் பத்துப் பன்னிரண்டு நிறங்களை ஒரு பைத்தான் டிக்ஷனரியில் வைத்து, ஷீட்டில் ‘@முதன்மை’, ‘@ஓரம்’ என்று எழுதி, படிக்கும்போது ரீப்ளேஸ் செய்கிறேன். இங்கே ‘ஃபார்மட்’ பயன்படுத்தப் போனால் மாட்டிக்கொள்வீர்கள். ஷீட் முழுக்க இருக்கிற நெளி அடைப்பும் ஃபார்மட்டின் நெளி அடைப்பும் மோதி, கீ-எரர் வந்து நிற்கும். ‘@ஓர’, ‘@ஓரம்’ என்று ஒன்றுக்குள் ஒன்று அடங்கும் பெயர்களும் வேண்டாம். ரீப்ளேஸ் முதலில் சின்னதைப் பிடித்துவிடும்.

ஆற்காடு, கிளினிக்: ராத்திரி டியூட்டிக்கு டார்க் தீம் வேண்டும்.

க்யூடியின் ‘ஃப்யூஷன்’ ஸ்டைல் போட்டு பேலட்டை (செயலியின் நிறத் தொகுப்பு) மாற்றுங்கள். முடங்கிய நிலைக்கான நிறங்களைத் தனியாகக் கொடுக்க மறக்காதீர்கள், இல்லாவிட்டால் முடங்கிய பட்டனும் உயிரோடு இருக்கிற மாதிரி தெரியும். க்யூடி 6.8 அல்லது அதற்குப் பிந்தையது என்றால் ஸ்டைல் ஹின்ட்ஸில் டார்க் என்று சொன்னாலே போதும்.

சோளிங்கர்: பட்டன் கலர் எப்படி மாற்றுவது?

எத்தனை தடவை சொல்ல? மேலே பாருங்கள்.

திருப்பத்தூர்: எது நல்லது சார், டெஸ்க்டாப்பா வெப்பா? அப்புறம், ஆம்பூரில் எந்தக் கடை பிரியாணி?

முதல் கேள்வி இன்றைக்கு வேண்டாம். இரண்டாவது, ஆம்பூர்க்காரர் மேலேதான் இருக்கிறார், அவரிடம் கேளுங்கள்.

வேலூர், கணக்கு சாஃப்ட்வேர்: தமிழில் போட்ட லேபிள்களில் எழுத்து கீழே வெட்டுப்படுகிறது.

இதற்காகத்தான் உட்கார்ந்திருக்கிறேன் என்றே வைத்துக்கொள்ளுங்கள். உயரத்தைப் பூட்டாதீர்கள். யாரோ ஆங்கிலத்தில் ‘கிரெடிட்’ எழுதிப் பார்த்து, 22 பிக்ஸல் போதும் என்று ஃபிக்ஸ் செய்துவிடுகிறார்கள். ‘வரவு’ என்று தமிழில் மாற்றியதும் வு-வின் கீழ்க்கோடு அறுந்து ‘வரவ’ ஆகிவிடும், ‘செலவு’ ‘செலவ’ ஆகிவிடும். நான் எழுதிய ஒரு செயலி ஒரு கடையில் ஆறு மாதம் இப்படியே ஓடியிருக்கிறது. கணக்குப்பிள்ளை ஒருநாள் சிரித்துக்கொண்டே “வரவுக்குக் கால் எங்கே சார்?” என்று கேட்டார். ஃபிக்ஸட் ஹைட்டை எடுத்துவிட்டு மினிமம் மட்டும் வையுங்கள், பேடிங் கொடுங்கள், மீதியை லேஅவுட் பார்த்துக்கொள்ளும். அகலமும் அப்படித்தான். ‘சேவ்’ எழுதின பட்டனில் ‘சேமித்து அச்சிடு’ எப்படி அடங்கும்? எழுத்தளவைப் பிக்ஸலில் கொடுக்காமல் பாயின்ட்டில் கொடுங்கள். லினக்ஸில் டிகிண்டர் என்றால் இன்னொரு சிக்கல் இருக்கிறது. அங்கே டிகிண்டருக்கு அடியில் இருக்கிற டிகே 8.6 தமிழ் எழுத்துகளைச் சரியாகக் கோக்காது, கொம்பு இடம் மாறி நிற்கும். எந்த ஃபான்ட் போட்டாலும் தீராது, க்யூடிக்கு வந்துவிடுங்கள்.

மேல்விஷாரம்: அறுநூறு லேபிள் இருக்கிறது, ஒவ்வொன்றுக்கும் ஸ்டைல்ஷீட் போடுகிறேன். திறக்க நேரமாகிறது.

ஒவ்வொன்றுக்கும் போடுவதால்தான். அப்ளிகேஷனுக்கு ஒரே தடவை போடுங்கள். கீபோர்டே தேய்ந்துவிடும் போலிருக்கிறது.

வாணியம்பாடி: திரும்ப வந்துவிட்டேன். கோடில் ‘பதனிடாதது’ என்று மாற்றிவிட்டேன், எழுத்தும் சேர்த்தாயிற்று. முதலாளிக்கு போனில் விவரம் சொன்னேன். “பச்சைத் தோலுக்குப் பச்சைதானேப்பா போடணும், அதையே போடு, அனுப்பத் தயாருக்கு வேற கலர் பாரு” என்கிறார்.

போட்டுக் கொடுங்கள். டிக்ஷனரியில் இரண்டு வரி மாற்றினால் முடிந்தது. கிடங்கில் மட்டும் லாரி வருவதற்கு முன்னால் சொல்லிவிடுங்கள்.