பெற்றோல் டேங்க் இருந்த இடத்தில் என்ன வைப்பது?

வணக்கம் சேர்,

நான் மட்டக்களப்பில் கல்லாறுப் பக்கம் கேற், கிறில் வெல்டிங் செய்கிறவன். போனில் வெளிநாட்டு மின்சார மோட்டார் சைக்கிள்களைப் பார்த்துப் பார்த்து ஆசை வந்துவிட்டது. சிலது வண்டி மாதிரியே இல்லை, சிலை மாதிரி நிற்கிறது. என்னிடம் ஓடாமல் கிடக்கும் ஒரு மின்சார ஸ்கூட்டர் இருக்கிறது. அதை உரித்து அப்படி ஒன்று செய்யலாமா என்று கேட்டால் கூட்டாளிமார் சிரிக்கிறார்கள். "அது காசுக்காரன் விளையாட்டு, கலையும் இல்லை கத்தரிக்காயும் இல்லை" என்கிறார்கள். நீங்கள் கூத்து, சிற்பம் பற்றியெல்லாம் எழுதுகிறவர். இது கலையா சேர்? எங்கே தொடங்க?

தம்பி,

காசுக்காரன் விளையாட்டு என்பதில் பாதி உண்மை. 1998 இல் நியூயோர்க் குகன்ஹைம் கலை அருங்காட்சியகம் மோட்டார் சைக்கிள்களை வரிசையாக நிறுத்திக் கண்காட்சி வைத்தபோது, இது கலையா கம்பனி விளம்பரமா என்று அங்கேயும் சண்டை பிடித்தார்கள். மோட்டார் சைக்கிள் செய்கிற பிஎம்டபிள்யூ கம்பனி அதற்குக் காசு கொடுத்திருந்தது. சனம் மட்டும் அள்ளுப்பட்டு வந்தது. அந்தச் சண்டையை நாங்கள் திரும்பவும் பிடிக்க வேண்டாம்.

எனக்கு ருசியான விசயம் வேறு. பெற்றோல் வண்டிக்கு ஏன் அந்த உருவம் வந்தது? பெற்றோல் தானாக வடிந்து, அதைக் காற்றோடு கலக்கிற காபரேட்டருக்குள் இறங்க வேண்டும், அதனால் டேங்க் மேலே. எஞ்சினுக்குக் காற்றுப் பட வேண்டும், அதனால் அதைச் சுற்றி அந்தத் தகட்டுச் செதில்கள். புகை போகக் குழாய். நூறு வருசமாக நாங்கள் அழகு என்று பார்த்துப் பழகியது முழுக்கத் தேவையால் வந்தது. மின்சார வண்டியில் இதில் அனேகமாக ஒன்றுமே தேவையில்லை, மோட்டரைப் பின்சில்லுக்குள்ளேயே ஒளித்துவிடலாம், மிஞ்சுவது ஒரு பாரமான பற்றறிப் பெட்டியும் வயரும்தான். நடுவில் ஒரு பெரிய வெறுமை வந்துவிடுகிறது. செய்கிறவனின் கெட்டித்தனம் எல்லாம் அதை என்ன செய்கிறான் என்பதில்தான்.

சிலர் மறைத்தார்கள். 2019 இல் ஹார்லி டேவிட்சன் விற்பனைக்கு விட்ட லைவ்வயர் என்ற மின்சார வண்டியில் பழைய டேங்கின் உருவம் அப்படியே இருக்கிறது, பெற்றோல் ஊற்றும் இடத்தில்தான் சார்ஜ் வயரைச் செருக வேண்டும். பழகின ஆளுக்கு ஆறுதல், சரி, ஆனால் எனக்கு அது பல்லுக் கட்டினது போலத்தான். அதே வருசம் பிஎம்டபிள்யூ விற்பனைக்கில்லாத ஒரு மின்சார வண்டியைச் செய்து காட்டியது. 1923 இலிருந்து அவர்களுடைய வண்டிகளில் எஞ்சின் சிலிண்டர்கள் இரண்டு பக்கமும் காது போல நீட்டிக்கொண்டிருக்கும். சிலிண்டரே இல்லாத இந்த வண்டியில் பற்றறியைக் குளிராக்கும் செதில்களையும் விசிறியையும் அதே காதுகளாக நீட்டிவிட்டார்கள். இதை நான் பொய் என்று சொல்லமாட்டேன். காற்றுப் பிடிக்கிற வேலை இருக்கிறது, பரம்பரை முகமும் இருக்கிறது. அமெரிக்காவில் ஜோயி ருயிட்டர் என்ற வடிவமைப்பாளர் மறு எல்லைக்குப் போனவர். வண்டியை இரண்டு சில்லுக்கு நடுவே ஒரு வெறும் பெட்டியாகவே விட்டுவிட்டார். பார்த்தால் யாரோ அலுமாரியை ரோட்டில் ஓட்டிப் போகிற மாதிரி இருக்கும். எனக்கு அது மற்ற எல்லாவற்றையும் விடப் பிடிக்கும்.

இனி உங்கள் கூட்டாளிமாருக்கு ஒரு கதை. எங்கள் வடமோடிக் கூத்தில் அரசனுக்குக் கட்டுகிற கரப்புடுப்பைக் கிட்ட நின்று பார்த்திருக்கிறீர்களா? ஒருமுறை கூத்துப் பழக்குகிற ஒரு அண்ணாவியார் வீட்டு நடையில் அது ஆணியில் தொங்கியதைப் பார்த்தேன். உள்ளே வளைத்துக் கட்டிய வளையங்கள், மேலே துணி, கண்ணாடித் துண்டு, மணி. மீன் பிடிக்கிற கரப்பு போல விரிந்திருப்பதால்தான் அந்தப் பெயர். தொங்கும்போது உள்ளே ஒன்றுமில்லை, வெறுங்கூடு, ஒரு பக்கம் சரிந்து கோழிக்கூடு மாதிரி பரிதாபமாக இருந்தது. அதைக் கட்டிக்கொண்டு ஒருவன் களரியில் மத்தளத்துக்குச் சுழன்று வரும்போது பாருங்கள், விளிம்பு மெல்ல எழும்பும், அவன் நின்ற பிறகும் உடுப்பு அரைச்சுற்றுச் சுற்றித்தான் ஓயும். ஆட்டத்துக்கென்றே கட்டின உருவம் அது, தூக்கி அலுமாரியில் வைத்தால் பாதி செத்துவிடும். மோட்டார் சைக்கிளும் அந்தச் சாதிதான். ஆகவே கட்டாயம் ஓட வேண்டும், தம்பி. ஓடாத சிலை செய்வதென்றால் ஸ்கூட்டர் எதற்கு, கம்பியே போதும்.

2022 இல் பெற்றோல் தட்டுப்பாட்டில் வரிசையில் இரண்டு நாள் கிடந்தேன். பக்கத்து வீட்டுப் பெடியன் பழைய மின்சார ஸ்கூட்டரில் சத்தமே இல்லாமல் கடந்து போனான், சிரித்துக்கொண்டு. அந்தக் கோபம் இன்னும் ஆறவில்லை. பிறகு அவனுடைய பற்றறி படுத்த அன்று கராஜில் நானும் போய் நின்றேன், சும்மா இல்லை, சந்தோசத்தில். கால் வைக்கிற தகட்டைக் கழற்றினால் செங்கல் அளவில் ஐந்து ஈயப் பற்றறி, ஒவ்வொன்றும் 12 வோல்ட், சேர்ந்து 60. ஐந்தும் சேர்ந்தால் 30 கிலோவுக்கு மேல்.

உங்களுடையதும் அந்த வகை என்றால் உங்களுக்கு அதிர்ஷ்டம். அந்தப் பெரிய கம்பனிக்காரருக்குப் பற்றறி ஒரே பெட்டி, மறைக்கவோ காட்டவோதான் முடியும். உங்களிடம் ஐந்து கல் இருக்கிறது. முள்ளந்தண்டு போல வரிசையாக அடுக்கலாம், இரண்டிரண்டாகத் தொங்கவிடலாம். இடையில் வயர் நீண்டால் தடித்த வயராகப் போடுங்கள், இல்லாவிட்டால் சூடாகும். பாரம் எவ்வளவு கீழே இருக்கிறதோ அவ்வளவுக்கு வண்டி சொல்வழி கேட்கும். ஈயப் பற்றறி சார்ஜ் ஏறும்போது வாயு விடும், எரியக்கூடியது, ஆகவே அழகுக்காக இறுக்கிப் பூட்டிவிடாதீர்கள், காற்றுப் போக வழி விடுங்கள். கேற்றுக்கு வளைக்கிற அந்தப் பூக்கொடி இருக்கிறதே, அதை மட்டும் தயவுசெய்து வேண்டாம். கையிலே அது ஊறிப்போயிருக்கும், தானாக வந்துவிடும். வந்தால் வெட்டுங்கள்.

முன்சில்லைப் பிடிக்கிற போர்க்கையும் பிரேக்கையும் தொடவேண்டாம், அதில் கலை செய்யப் போய்க் கழுத்தை முறித்துக்கொள்வீர்கள். வெல்டிங் பிடிக்க முன் பற்றறி, மோட்டருக்குக் கரண்டை அளந்து விடுகிற கொன்றோலர் எல்லாவற்றையும் கழற்றித் தூர வையுங்கள். எங்கள் உப்புக்காற்றுக்கு வெறும் இரும்பு ஒரு மாரி தாங்காது, பளபளப்பு நல்லாக இருக்கிறதென்று பெயின்ற் அடிக்காமல் விட்டுவிடாதீர்கள்.

படம் அனுப்புங்கள். ஓடத் தொடங்கினால் கல்லடிப் பக்கம் கொண்டு வாருங்கள், கடற்கரை வீதியில் நீங்கள் ஓட்டுங்கள், நான் நின்று பார்க்கிறேன். பின்னால் ஏறமாட்டேன்.