கம்பெனி கைமாறும்போது ஊழியர்களைக் கேட்க வேண்டுமா?

கேள்வி: பிரிட்டனில் 60 பேர் வேலை பார்க்கும் நிறுவனத்தில் இருக்கிறேன். யூனியன் கிடையாது. வேறொரு நிறுவனம் எங்களை வாங்கப்போவதாக ஒரே ஒரு மின்னஞ்சல் வந்தது. எங்களிடம் எதுவும் பேசாமலே விற்றுவிட முடியுமா?

பதில்: விற்பது நிறுவனத்தின் பங்குகளையா, அது நடத்தும் தொழிலையா என்று முதலில் எழுத்தில் கேளுங்கள். மற்றதெல்லாம் அதைப் பொறுத்தது.

தொழிலே கைமாறினால் 2006-ம் ஆண்டின் ‘டூபி’ (TUPE) விதிகள் பொருந்தும். தொழில் கைமாறும்போது ஊழியர்களைப் பாதுகாக்கும் விதிகள் அவை. யூனியன் இல்லாததால், உங்கள் பிரதிநிதிகளைத் தேர்ந்தெடுக்க நிர்வாகம் தேர்தல் நடத்த வேண்டும். (மாற்றப்படுவோர் 10 பேருக்குக் குறைவென்றால் ஊழியர்களிடம் நேரடியாகவே பேசலாம்.) மாற்றம் நடக்கும் தேதி, காரணம், அதனால் வரும் விளைவுகள், எடுக்கவிருக்கும் ‘நடவடிக்கைகள்’ எல்லாவற்றையும் பிரதிநிதிகளுக்கு எழுத்தில் தர வேண்டும்.

எழுத்தில் தரும் அந்தத் தகவலில் நடவடிக்கைகள் பற்றிய பகுதியைத்தான் உன்னிப்பாகப் படிக்க வேண்டும். சம்பளத் தேதி, ஷிப்ட், வேலையிடம், ஆள்குறைப்பு எல்லாம் அதில்தான் வரும். அங்கே ஏதாவது இருந்தால்தான் கலந்தாலோசனை கட்டாயம். ‘எதுவும் இல்லை’ என்றால் தகவல் தருவதோடு கடமை முடிந்தது. ஆகவே, வாங்குபவர் என்ன மாற்றப்போகிறார் என்பதைத் தலைப்புவாரியாகக் கேட்டு எழுதுங்கள். குறைந்தபட்சம் இத்தனை நாள் என்று சட்டம் சொல்லவில்லை. உண்மையாகப் பேசி உடன்பாடு தேட நேரம் இருக்க வேண்டும், அவ்வளவுதான். விற்பனையைத் தடுக்கும் அதிகாரம் ஊழியர்களுக்கு இல்லை.

கடமை மீறினால், பாதிக்கப்பட்ட ஒவ்வொருவருக்கும் 13 வாரச் சம்பளம் வரை வேலைவாய்ப்புத் தீர்ப்பாயம் இழப்பீடு வழங்கலாம். வழக்குக்கு முன், வேலைத் தகராறுகளில் சமரசம் செய்யும் ‘ஏகாஸ்’ (Acas) அமைப்பின் சமரச நடைமுறையைத் தொடங்க வேண்டும். காலக்கெடு தொழில் கைமாறிய நாளிலிருந்தே ஓடுகிறது. புது நிர்வாகம் பதில் தரட்டும் என்று காத்திருந்து வாய்ப்பை இழப்பவர்களை நினைத்தால் வருத்தமாக இருக்கிறது, தயவுசெய்து காத்திருக்காதீர்கள்.

பங்குகள் மட்டும் விற்கப்பட்டால் முதலாளி நிறுவனம் மாறுவதில்லை, டூபி பொருந்தாது. அப்போது உதவக்கூடியது 2004-ம் ஆண்டின் தகவல், கலந்தாலோசனை விதிகள். 50 பேருக்குக் குறையாத நிறுவனத்தில், ஊழியர்களுக்குத் தகவல் தந்து கலந்தாலோசிக்கும் ஏற்பாடு வேண்டும் என்று 2 சதவீத ஊழியர்கள் கோரலாம். ஆனால் குறைந்தது 15 பேர் தேவை. உங்கள் இடத்துக்கு அந்த 15-தான் கணக்கு. பெயர் வெளியே தெரியக் கூடாதென்றால் கோரிக்கையை நிர்வாகத்துக்குப் பதில் மத்திய நடுவர் குழு (CAC) என்ற அமைப்புக்கு அனுப்பலாம். அந்த ஏற்பாடு பற்றிய பேச்சுவார்த்தைக்கே மாதக்கணக்கில் ஆகும் என்பதால் இந்த விற்பனைக்குள் முடிவது கடினம். அதற்குப்பின் வரும் மறுசீரமைப்புக்கு அது கைகொடுக்கும்.