செமினார் கேட்கக் காசு எதற்கு?

கேள்வி: தர்மபுரி மாவட்டம் பாலக்கோடு பக்கம் எங்கள் ஊர். தக்காளியும் மாவும் வைத்திருக்கிறோம். மகள் அரசுக் கல்லூரியில் பி.எஸ்சி. விலங்கியல் மூன்றாம் வருடம். சூழலியல், பரிணாமம் என்று மேலே படிக்க ஆசைப்படுகிறாள். 'சர்வதேசக் கருத்தரங்கு' என்று வாட்ஸ்அப்பில் ஒரு நோட்டீஸ் வந்தது. கட்டணம் 2,800 ரூபாய். அந்தச் சான்றிதழ் இருந்தால் பெங்களூரு ஐ.ஐ.எஸ்சி.யில் (இந்திய அறிவியல் கழகம்) சேர முன்னுரிமை உண்டு என்று போனில் ஒருவர் சொன்னார். 500 ரூபாய் முன்பணம் அனுப்பிவிட்டேன். மீதியை வெள்ளிக்கிழமைக்குள் கட்டச் சொல்கிறார். கட்டலாமா? பெங்களூருவில் நடக்கும் செமினாருக்கு யார் வேண்டுமானாலும் போய் உட்காரலாம், காசே கிடையாது என்கிறாள் மகள். அது நிஜமா?

பதில்: ஐயா, மகள் சொல்வது நிஜம். போனில் பேசியவர் சொன்னது பொய். மீதி 2,300 ரூபாயைக் கட்டாதீர்கள்.

முன்னுரிமைக் கதையை முதலில் பார்த்துவிடுவோம், உங்களைப் பயமுறுத்தியது அதுதான். பி.எஸ்சி. முடித்த பிள்ளை ஐ.ஐ.எஸ்சி.யில் உயிரியலில் ஒருங்கிணைந்த பிஎச்.டி. (எம்.எஸ்சி.யும் பிஎச்.டி.யும் சேர்ந்த படிப்பு) சேர வேண்டுமென்றால் 'ஜாம்' என்ற தேர்வை எழுத வேண்டும். மத்தியப் பல்கலைக்கழகங்களில் எம்.எஸ்சி. என்றால் 'க்யூட்' தேர்வு. பிஎச்.டி.க்கு நெட், கேட் மாதிரித் தேர்வுகள், பிறகு நேர்காணல். காசு கொடுத்து வாங்கிய பங்கேற்புச் சான்றிதழுக்கு இவற்றில் எதிலும் அரை மார்க்கூடக் கிடையாது. நேர்காணலில் அந்தக் காகிதத்தை எடுத்து நீட்டினால், "நீ என்ன பேப்பர் படித்தாய், சொல்லும்மா" என்று கேட்பார்கள். (பேப்பர் என்றால் கருத்தரங்கில் படிக்கும் ஆய்வுக் கட்டுரை.) அங்கே பிள்ளை திருதிருவென்று முழிக்க வேண்டிவரும்.

சரி, செமினார் என்றால் என்ன? நம் ஊர்க் கல்லூரிகளில் செமினார் என்றதும் ஃபிளெக்ஸ் பேனர், குத்துவிளக்கு, பொன்னாடை, மதியம் பிரியாணி என்றுதான் பிள்ளைகளுக்குத் தெரியும். ஆராய்ச்சி நிறுவனத்தில் அப்படி எதுவும் கிடையாது. ஒருவர் தன் வேலையைப் பற்றி முக்கால் மணி, ஒரு மணி நேரம் பேசுவார். கேட்டவர்கள் கேள்வி கேட்பார்கள். பிறகு டீ. சான்றிதழ் தரமாட்டார்கள், கையெழுத்துகூடச் சில இடத்தில் வாங்கமாட்டார்கள். அதனால்தான் நம் ஆட்களுக்கு அதன்மேல் மதிப்பு வருவதில்லை.

ஐ.ஐ.எஸ்சி.யில் சூழலியல் அறிவியல் மையம் என்று ஒன்று இருக்கிறது. 1983-இல் மாதவ் காட்கில் முன்னின்று தொடங்கியது. குளவிகளின் கூட்டு வாழ்க்கையைப் பல பத்தாண்டுகள் பார்த்த ராகவேந்திர கடக்கர், யானைகளைப் பார்த்த ஆர். சுகுமார் எல்லாம் அங்கே இருந்தவர்கள். முதுமலைக் காட்டில் 50 ஹெக்டேரை அளந்து, அதற்குள் இருக்கும் மரங்களை 1988-இலிருந்து எண்ணிக்கொண்டு வருவதும் அந்த மையம்தான். பெங்களூருவிலேயே ஜக்கூரில் ஜவஹர்லால் நேரு உயர் ஆராய்ச்சி மையம், பெல்லாரி ரோட்டில் என்.சி.பி.எஸ். (தேசிய உயிரியல் அறிவியல் மையம்) என்று இன்னும் இரண்டு இடங்கள் உண்டு. பரிணாமம் பிடித்த பிள்ளைக்கு மூன்றுமே போய்க் கேட்க வேண்டிய இடங்கள். எல்லாம் அரசுப் பணத்தில் நடப்பவை, உங்கள் வரிப் பணமும் அதில் இருக்கிறது.

அங்கே பேசுவதெல்லாம் உங்கள் மகளுக்குப் புரியுமா என்ற சந்தேகம் உங்களுக்கு இருக்கும். ஒரு உதாரணம் சொல்கிறேன். ராகி அறுப்புக் காலத்தில் தளி, தேன்கனிக்கோட்டைப் பக்கம் யானை இறங்குவது உங்களுக்குத் தெரியும். வயலுக்குள் அதிகம் வருவது கொம்பனா, குட்டியோடு இருக்கும் பெண் யானையா என்று ஊரில் கேட்டால் கொம்பன் என்பார்கள். சுகுமாரும் காட்கிலும் 1988-இல் எழுதிய கட்டுரை அதையே கணக்குப் போட்டுக் காட்டியது: வளர்ந்த ஆண் யானைகள்தான் பயிரை அதிகம் மேய்கின்றன. ஏன் என்பதற்கு அவர்கள் பரிணாமத்தை வைத்துப் பதில் சொன்னார்கள். உடம்பு பெருத்த ஆணுக்கு இணையும் குட்டியும் அதிகம் கிடைக்கும். வெடிச் சத்தத்துக்கும் மின்வேலிக்கும் நடுவே போய் ராகியைத் தின்றால் ஆபத்துதான், ஆனால் பிழைத்து வந்தால் லாபம் பெரிது. ஆண் அந்தச் சூதாட்டத்தை ஆடுகிறது. குட்டியை வைத்திருக்கும் பெண் யானைக்கு அது கட்டுப்படியாகாது. இதில் உங்கள் மகளுக்குப் புரியாதது என்ன இருக்கிறது? காவிரி வடக்கு வனவிலங்குச் சரணாலயம் 2014-இல், தெற்கு 2022-இல் அறிவிக்கப்பட்டது. இரண்டிலும் நம் பக்கத்துக் காடு இருக்கிறது. பெங்களூருவில் ஏசி அறையில் உட்கார்ந்து பேசுவது பல சமயம் நம் கொல்லைப்புறத்தைப் பற்றித்தான்.

ஆங்கிலம்தான் முட்டும், மறுக்கவில்லை. அறிவிப்பிலேயே பேச்சின் சுருக்கம் பத்து வரி இருக்கும். முந்தின நாள் அதை வைத்துக்கொண்டு, தெரியாத பத்துச் சொல்லுக்கு அர்த்தம் பார்த்துவிட்டுப் போகச் சொல்லுங்கள். முதல் செமினாரில் கால்வாசி புரிந்தால் போதும். நான் முதலில் போனபோது அதுகூடப் புரியவில்லை. கடைசி வரிசையில் உட்கார்ந்து, படத்தில் இருந்த தவளையை மட்டும் பார்த்துவிட்டு வந்தேன்.

போகும் வழி சொல்கிறேன். அந்தந்தத் துறையின் இணையதளத்தில் 'செமினார்' என்ற பக்கம் இருக்கும், தேதியும் அறையும் அதில் போட்டிருப்பார்கள். பாலக்கோட்டில் ரயில் ஏறினால் ஓசூர் வழியாகப் பெங்களூரு. (கிருஷ்ணகிரிக்காரர்களுக்கு அந்தக் கொடுப்பினை இல்லை, மாவட்டத் தலைநகருக்கே ரயில் கிடையாது, பஸ்தான்.) கல்லூரி அடையாள அட்டையும் ஆதாரும் கையில் இருக்கட்டும். வாசலில் செக்யூரிட்டி கேட்டால் துறையின் பெயரையும் செமினார் நேரத்தையும் சொல்ல வேண்டும். வீண் அலைச்சல் வேண்டாமென்றால் இரண்டு நாள் முன்னால் துறை அலுவலகத்துக்கு நாலு வரியில் மின்னஞ்சல் போடட்டும்: நான் இன்ன கல்லூரி மாணவி, இன்ன தேதிப் பேச்சைக் கேட்க வர விரும்புகிறேன், வரலாமா, வாசலில் யார் பெயரைச் சொல்ல வேண்டும். இதற்கு ஏஜென்ட் எதற்கு? "ஐ.ஐ.எஸ்சி. ஓப்பன் டேக்கு அழைத்துப் போகிறோம், நுழைவுக் கட்டணம் தனி" என்று யாராவது வந்தால் அதையும் நம்பாதீர்கள். ஓப்பன் டே வருடத்துக்கு ஒருநாள், பொதுமக்களுக்கு இலவசம்.

பெங்களூரு தூரமென்றால் பக்கத்திலேயே ஒன்று இருக்கிறது, யாரும் சொல்லித் தருவதில்லை. தர்மபுரி, கிருஷ்ணகிரி என்று நம் இரண்டு மாவட்டக் கல்லூரிகளும் சேலம் பெரியார் பல்கலைக்கழகத்தின் கீழ் வருபவை. பிஎச்.டி. முடிப்பவர்களுக்குக் கடைசியில் பொது வாய்மொழித் தேர்வு (வைவா) நடக்கும். நாலைந்து வருட உழைப்பை ஒரு மணி நேரத்தில் சொல்லி, வந்திருப்பவர்களின் கேள்விக்கு நின்று பதில் சொல்ல வேண்டும். துறை ஆசிரியர்கள், மற்ற ஆய்வு மாணவர்கள், ஆர்வமுள்ளவர்கள் வந்து கேட்கலாம் என்பது விதி. ஆனால் பல இடங்களில் அறிவிப்பை நோட்டீஸ் போர்டில் ஒரு மூலையில் குத்திவிட்டு, நாற்காலியை நிரப்ப அதே துறைப் பிள்ளைகளைக் கூட்டி வந்து உட்கார வைக்கிறார்கள். உங்கள் மகள் தன் கல்லூரி ஆசிரியரிடம் சொல்லி வைத்தால், விலங்கியல், சுற்றுச்சூழல் வைவா வரும்போது தகவல் கிடைக்கும். சேலத்துக்குப் பஸ் செலவுதான்.

இனி அந்த வாட்ஸ்அப் நோட்டீஸ். நீங்கள் அனுப்பிய படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன். தலைப்பில் சூழலியல், பரிணாமம், சுற்றுச்சூழல். கீழே பொடி எழுத்தில் வணிகவியல், தமிழ், யோகா, கணினி என்று எல்லாத் துறைக்காரர்களும் பேப்பர் அனுப்பலாமாம். யானையைப் பற்றிய பேப்பரை ஜி.எஸ்.டி. படித்தவரா சரிபார்ப்பார்? நடக்கும் இடம் 'பின்னர் அறிவிக்கப்படும்'. பணம் அனுப்ப வேண்டியது ஒரு தனிநபர் ஜிபே நம்பருக்கு. நேரில் வர முடியாதவர்களுக்கு 'இன் ஆப்சென்ஷியா' என்று ஒரு தனிக் கட்டணம். அதாவது, வராமலே, வாயைத் திறக்காமலே, பேப்பர் படித்ததாகச் சான்றிதழ்! 'ஐ.எஸ்.பி.என். உண்டு' என்று கொட்டை எழுத்தில் போட்டிருக்கிறார்கள். அது புத்தகத்துக்குக் கொடுக்கும் அடையாள எண். அந்த எண்ணை நம் நாட்டில் விண்ணப்பித்தால் இலவசமாகவே தருகிறார்கள். சமையல் புத்தகத்துக்கும் ஜோசியப் புத்தகத்துக்கும் அதே எண்தான். தரத்துக்கும் அதற்கும் சம்பந்தமில்லை.

எனக்கே ஒன்று நடந்தது. ஒரு நோட்டீஸில் 'சிறப்புரை' என்று என் பெயரும், பத்து வருடத்துக்கு முந்தைய என் போட்டோவும் இருந்தன. என்னை யாரும் கேட்கவே இல்லை. நம்பரைப் பிடித்துப் பேசினால், "சார், நீங்க வரலைன்னாலும் பரவாயில்ல" என்றார் அந்தத் தம்பி, மரியாதையாக.

இந்த வியாபாரத்தை வளர்த்தது யார்? புரோக்கரை மட்டும் திட்டிப் பயனில்லை. 2018-ஆம் ஆண்டின் யு.ஜி.சி. (பல்கலைக்கழக மானியக் குழு) விதியில் ஆசிரியர் கருத்தரங்கில் பேப்பர் படித்தால் மாநில அளவுக்கு 2 புள்ளி, தேசிய அளவுக்கு 3, நம் நாட்டுக்குள் நடக்கும் சர்வதேசக் கருத்தரங்குக்கு 5 என்று வைத்தார்கள். புள்ளி சேர்ந்தால்தான் வேலை, பதவி உயர்வு. பிறகு எவன் தேசியக் கருத்தரங்கு நடத்துவான்? மலேசியாவிலிருந்து ஒருவர் ஜூமில் முகம் காட்டினால் போதும், சர்வதேசம் ஆகிவிடும். ஆய்வு மாணவர்கள் இரண்டு கருத்தரங்கில் பேப்பர் படித்தே ஆக வேண்டும் என்று 2016-இல் யு.ஜி.சி. விதி போட்டது. 2022-இல் அந்தக் கட்டாயத்தை எடுத்துவிட்டது. அந்த ஆறு வருடத்தில் முளைத்த கடைகள் மூடப்படவில்லை, இப்போது பி.எஸ்சி. பிள்ளைகளைப் பிடிக்கின்றன. உள்ளே உட்கார்ந்து ஃபைலுக்குக் காகிதம் கேட்பவர்கள் கேட்பதை நிறுத்தட்டும், வெளியே விற்பவன் தானாக நிறுத்துவான். இது சின்ன ஆட்களின் வேலை மட்டும் என்றும் நினைக்காதீர்கள். ஹைதராபாத்தைத் தலைமையிடமாகக் கொண்ட ஒரு நிறுவனத்துக்கு, ஆய்விதழ், கருத்தரங்கு இரண்டிலும் ஆராய்ச்சியாளர்களை ஏமாற்றியதற்காக 2019-இல் அமெரிக்க நீதிமன்றம் 5 கோடி டாலருக்கு மேல் கட்டச் சொல்லித் தீர்ப்பளித்தது.

இதைப் படித்துவிட்டு, காசு கேட்டாலே மோசடி என்று மகளைத் தடுத்துவிடாதீர்கள், அது வேறு மாதிரித் தவறு. வாராவாரம் நடக்கும் துறை செமினார் வேறு, வருடத்துக்கு ஒருமுறை மூன்று நாலு நாள் நடக்கும் மாநாடு வேறு. மாநாட்டுக்கு நியாயமாகவே கட்டணம் உண்டு: சாப்பாடு, அரங்கம் எல்லாம் இருக்கிறதே. பெங்களூருவில் 2010-இலிருந்து நடந்துவரும், வனப் பாதுகாப்பு அறிவியலுக்கான மாணவர் மாநாடு அப்படிப்பட்டது. பிள்ளைகளே பேசுவார்கள், பிள்ளைகளே கேட்பார்கள், நல்ல மாநாடு. வித்தியாசம் எப்படித் தெரியும்? நல்ல மாநாட்டில் முதலில் நீங்கள் செய்த வேலையின் சுருக்கத்தைக் கேட்பார்கள். அதைப் படித்துப் பார்த்து, பேசலாம் என்றோ வேண்டாம் என்றோ சொல்வார்கள். வேண்டாம் என்று சொல்கிற இடமா என்று பாருங்கள், அது முக்கியம். அனுப்பிய பத்தாவது நிமிடம் 'வாழ்த்துகள், தேர்வாகிவிட்டீர்கள்' என்று வந்தால் அவர்கள் படிக்கவே இல்லை. பணம் நிறுவனத்தின் கணக்குக்கோ சங்கத்தின் கணக்குக்கோ போகும், ரசீது வரும். பேச்சாளர் பட்டியலில் ஒரு பெயரை எடுத்து, அவர் வேலை பார்க்கும் துறைக்குப் போன் போட்டு, நிஜமாகவே வருகிறாரா என்று கேட்கலாம். மாணவர்களுக்குக் கட்டணம் குறைவாக இருக்கும். கட்ட முடியாதவர்களுக்கு உதவித்தொகையும் சில மாநாடுகளில் உண்டு, கேட்க வெட்கப்பட வேண்டாம். இத்தனையும் சரியாக இருந்தால் 2,000, 3,000 ரூபாய் ஆனாலும் அனுப்பிவையுங்கள். ஆனால் இந்த வருடம் வேண்டாம். சொல்வதற்குச் சொந்தமாக ஒரு வேலை கையில் இருக்கும்போது போகட்டும். அதற்கு அறிவியல் அகாடமிகள் நடத்தும் கோடை ஆராய்ச்சிப் பயிற்சி இருக்கிறது. தேர்வானால் இரண்டு மாதம் நல்ல ஆய்வகத்தில் வேலை, உதவித்தொகையும் அவர்களே தருவார்கள். விளம்பரம் வந்ததும் விண்ணப்பிக்கச் சொல்லுங்கள்.

அந்த 500 ரூபாயைத் திருப்பிக் கேட்டுப் பாருங்கள், தரமாட்டார் என்றே வைத்துக்கொள்ளுங்கள். ஜிபேயில் அனுப்பிய ரசீதையும் வாட்ஸ்அப் பேச்சையும் அழிக்காமல் வையுங்கள். வெள்ளிக்கிழமைக்குப் பிறகும் போன் வரும். "கடைசி வாய்ப்பு, 1,500 கட்டினால் போதும்" என்று இறங்கி வருவார். மகளின் ஆதார், மார்க் ஷீட் நகல் கேட்டால் கொடுக்காதீர்கள். மிரட்டுகிற மாதிரிப் பேசினால் 1930-க்கு அடியுங்கள், சைபர் குற்றப் புகார் எண். போனை மகளிடம் கொடுத்துப் பேசச் சொல்லாதீர்கள், நீங்களே பேசுங்கள்.