முதலில் பைக் ஓட்டியது யார்?

கேள்வி: மோட்டார் சைக்கிளை முதன்முதலில் ஓட்டியது யார், எப்போது? (வாசகி, கும்பகோணம்)

பதில்: நீராவியில் ஓடிய இருசக்கர வண்டிகள் பிரான்சிலும் அமெரிக்காவிலும் முன்பே வந்துவிட்டன. ஆனால் பெட்ரோல் எஞ்சின் என்றால், என் மனதில் வருவது பவுல் டைம்லர்தான். வயது 16. அப்பா காட்லீப் டைம்லரும் வில்ஹெல்ம் மேபாக்கும் எஞ்சினைச் சோதிக்கவே செய்த மர வண்டி அது. 264 சிசி, அரைக் குதிரைத்திறன், மணிக்கு 12 கிலோமீட்டர். சாயாமலிருக்க இருபுறமும் குட்டிச் சக்கரங்கள். 1885 நவம்பரில் ஜெர்மனியின் கான்ஸ்டாட்டிலிருந்து உன்டர்டுர்க்ஹைம் வரை போனான். எரிபொருளைப் பற்றவைக்கும் சூடான குழாய் இருக்கைக்குக் கீழேயே இருந்ததால், வழியில் இருக்கை தீப்பிடித்தது என்பார்கள். என்ன தைரியம் அந்தப் பையனுக்கு! அப்புறம் 1894இல்தான், மியூனிக்கில், விற்பனைக்கென்றே பைக்குகள் தயாராகின.