விண்கலத்தைக் காற்று எவ்வளவு தள்ளும்? கேள்வி பதில்

(பதில் சொல்பவர் மதுரையில் ஓய்வுபெற்ற இயற்பியல் ஆசிரியர்.)

மேலூர் மாணவி: சார், 3,300 கிலோ கலம் வினாடிக்கு 5,800 மீட்டர் வேகத்தில் செவ்வாயின் காற்றுக்குள் நுழைகிறது. 250 வினாடியில் வேகம் 400 ஆகிவிடுகிறது. சராசரி விசை எவ்வளவு?

உந்தம் (நிறை × வேகம்) குறைந்த அளவை நேரத்தால் வகும்மா. 3,300 × 5,400 ÷ 250, சுமார் 71,000 நியூட்டன். 2012-ல் நாசாவின் கியூரியாசிட்டி ஊர்தி செவ்வாயில் இறங்கியது ஏறக்குறைய இப்படித்தான். பூமியின் ஈர்ப்போடு ஒப்பிட்டால் 2.2 மடங்கு, அதாவது 2.2 ஜி. ஆனால் உச்சத்தில் 10 ஜி-யைத் தாண்டியது! மேலே வேகம் உண்டு, காற்று இல்லை, கீழே காற்று உண்டு, வேகம் இல்லை, நடுவில்தான் அடி. சராசரியை நம்பிக் கலம் கட்டாதீர்கள்.

திருமங்கலம் வாசகர்: மணிக்கு 21,000 கி.மீ. என்று போட்டால் விடை எங்கேயோ போகிறதே?

3.6-ஆல் வகுத்து, வினாடிக்கு மீட்டராக்கிவிட்டுப் போடுங்கள். அலகில் அலட்சியம் வேண்டாம். 1999-ல் ஒரு தரப்பு பவுண்டு அலகில் கொடுத்ததை மறுதரப்பு நியூட்டன் என்று எடுத்துக்கொண்டதால்தான் மார்ஸ் கிளைமேட் ஆர்பிட்டர் என்ற நாசாவின் செவ்வாய்க் கலம் தொலைந்தது.

உசிலம்பட்டி வாசகர்: ஐயா, அந்தக் கலத்தின் பாதை 600 கி.மீ. என்று வைத்து, இழந்த இயக்க ஆற்றலைத் தூரத்தால் வகுத்தேன். 92,000 நியூட்டன் வருகிறது. உங்கள் விடை தப்பா?

இரண்டும் சரி. உங்களுடையது தூரச் சராசரி, என்னுடையது நேரச் சராசரி.

உசிலம்பட்டி வாசகர்: ஒரே கலத்துக்கு இரண்டு சராசரியா? மழுப்பாதீர்கள்.

மழுப்பவில்லை. கோரிப்பாளையம் நெரிசலில் பஸ்ஸுக்கு நேரம்தான் போகும், தூரம் நகராது. கலத்துக்கும் கடைசியில் அந்தக் கதிதான்: வேகமும் விசையும் தளர்ந்த பிறகும் வினாடிகள் ஓடுகின்றன. அந்த மந்தமான வினாடிகள் நேரச் சராசரியைக் கீழே இழுக்கும். தூரச் சராசரியை அவ்வளவாகத் தொடாது. சரிபார்த்துக்கொள்ளுங்கள்: விசை கடைசிவரை 71,000 நியூட்டனாகவே இருந்திருந்தால், கலம் 250 வினாடியில் 775 கி.மீ. ஓடியிருக்கும். 600-லேயே அடங்கியது என்றால், முன்னாலேயே பலமாகப் பிடித்திருக்கிறது.

மேலூர் மாணவி: பரீட்சையில் எதைப் போட?

நேரம் கொடுத்தால் உந்தம், தூரம் கொடுத்தால் ஆற்றல்.

மேலும் இருவர்: மணிக்கு எத்தனை கி.மீ. என்று கொடுத்திருந்தால்?

3.6. மேலே பாருங்கள்.

ஆரப்பாளையம் வாசகர்: எரிகல் வீட்டு மேல் விழுந்தால் நல்ல சகுனமா?

ஜோசியரைக் கேளுங்கள்.

தல்லாகுளம் மாணவர்: கலம் எரிந்து நிறை குறையாதா சார்?

இதுதான் கேள்வி! நிறை மாறாது என்று வைத்துத்தான் மேலே கணக்குப் போட்டோம். 1995-ல் வியாழனுக்குள் வினாடிக்கு 47 கி.மீ. வேகத்தில் போன கலிலியோ ஆய்வுக்கலத்தின் வெப்பக் கவசம் மட்டும் சுமார் 150 கிலோ. அதில் பாதிக்கு மேல் எரிந்தே போனது. அங்கே நிறையையும் வினாடிக்கு வினாடி மாற்றிக் கணக்கிட வேண்டும், தம்பி.