கியூபா: ஒரு பெசோவும் ஒரு டாலரும்

அன்புள்ள ஆசிரியருக்கு,

கியூபாவில் மணிக்கணக்காக மின்வெட்டு, ரேஷன் சாமான் ஒழுங்காக வருவதில்லை என்று படிக்கிறேன். எல்லாம் அமெரிக்கா போட்ட வணிகத் தடையின் வேலை என்கிறார் ஒரு நண்பர். சோஷலிசம் என்றாலே இந்தக் கதிதான் என்கிறார் இன்னொருவர். பழி யாருடையது?

இப்படிக்கு,
ஒரு வாசகர்

அன்புள்ள வாசகருக்கு,

பழியை மொத்தமாக ஒருவர் தலையில் கட்டாமல், பண்டம் பண்டமாகக் கேட்டுப் பாருங்கள்.

கோழிக்கறியை எடுத்துக்கொள்வோம். கியூபா இறக்குமதி செய்யும் கோழியில் பெரும்பங்கு அமெரிக்காவிலிருந்தே போகிறது! 2000-இல் வந்த அமெரிக்கச் சட்டம் உணவு விற்பனையை அனுமதிக்கிறது. ஆனால் கடன் கிடையாது, பணத்தை முன்கூட்டியே கட்ட வேண்டும். ஆக, கோழி இருக்கிறது, டாலர்தான் இல்லை. ஏன் இல்லை?

இங்கேதான் ஹவானாவின், அதாவது கியூப அரசின், பங்கு வருகிறது. 2020 முடியும்வரை அரசு நிறுவனங்களின் பேரேட்டில் ஒரு டாலருக்கு ஒரு பெசோ (கியூபாவின் பணம்). அதே டாலரை மக்கள் மாற்றப்போனால் 24, 25 பெசோ. ஓர் அரசு ஓட்டலுக்குத் தக்காளி வேண்டும் என்று வையுங்கள். உள்ளூர்ப் பண்ணையில் விலை 10 பெசோ. வெளிநாட்டுத் தக்காளி ஒரு டாலர், அதாவது பேரேட்டில் ஒரே ஒரு பெசோ. மேலாளர் எதை வாங்குவார்? அவர் திருடர் அல்ல, கணக்குப்படிதான் நடக்கிறார். சர்க்கரை ஆலைக்கு நேர் எதிர்க் கதை. ஒரு டாலருக்கு ஏற்றுமதி செய்தால் கைக்கு வருவது ஒரு பெசோ, ஆகவே எந்த ஆலையும் நஷ்ட ஆலையாகவே தெரியும். 2002-இல் 156 ஆலைகளில் ஏறக்குறைய பாதியை மூடினார்கள். உலகச் சந்தையில் விலை சரிந்தது உண்மைதான். ஆனால் எது நிஜமாகவே நஷ்ட ஆலை என்று அந்தப் பேரேட்டை வைத்து யாராலும் சொல்லியிருக்க முடியாது. 1989-இல் சுமார் 80 லட்சம் டன்னாக இருந்த சர்க்கரை, 2023-இல் சுமார் 3.5 லட்சம் டன். ஒரு டாலருக்கு ஒரு பெசோ என்பது வாஷிங்டனில் யாரும் எழுதிக்கொடுத்த விகிதமல்ல.

திருத்திய நேரமும் மோசம். 2021 ஜனவரி 1 அன்று எல்லோருக்கும் ஒரு டாலருக்கு 24 பெசோ என்றார்கள், குறைந்தபட்சக் கூலியை 400-இலிருந்து 2,100 ஆக்கினார்கள். கொரோனாவால் சுற்றுலா படுத்திருந்தது, கடையில் சரக்கில்லை. 2024-இல் தெருவில் டாலர் 300 பெசோவைத் தாண்டியது.

அதற்காகத் தடை வெறும் சாக்கு என்று சொல்லிவிட முடியாது. கியூபத் துறைமுகத்தில் வணிகம் செய்த கப்பல் 180 நாள் அமெரிக்காவில் சரக்கு ஏற்றி இறக்கக் கூடாது என்பது 1992-ஆம் ஆண்டுச் சட்டம். சரக்குக் கட்டணம் ஏறாமல் என்ன செய்யும்? சூடான், ஈரான், கியூபா பரிவர்த்தனைகளுக்காக பிரான்சின் பிஎன்பி பாரிபா வங்கிக்கு 2014-இல் அமெரிக்காவில் விழுந்த அபராதம் ஏறத்தாழ 890 கோடி டாலர். அதைப் பார்த்த எந்த வங்கி கியூபாவின் பணத்தைத் தொடும்?

மின்சாரத்தில் இரு தரப்புக் குற்றமும் பின்னிக்கிடக்கிறது. மத்தான்சாஸில் உள்ள அன்டோனியோ கித்தேராஸ் அனல்மின் நிலையம் கந்தகம் மிகுந்த உள்நாட்டுக் கச்சா எண்ணெயை எரிக்கிறது. கொதிகலன் குழாய்கள் அரிக்கும். காலாகாலத்தில் நிறுத்திப் பழுதுபார்க்க வேண்டும். உதிரிபாகத்துக்குக் காசில்லை, நிறுத்தினால் ஈடுகட்ட வேறு நிலையமில்லை. வெனிசுவேலா எண்ணெயும் குறைந்துவிட்டது. 2024 அக்டோபர் 18 அன்று அந்த நிலையம் நின்றதும் தீவு முழுக்க இருட்டு. அதே ஆண்டுகளில் அரசு ஓட்டல்களிலும் கட்டடங்களிலும் போட்ட முதலீடு, விவசாயத்தில் போட்டதைப்போலப் பல மடங்கு. இது அரசின் புள்ளிவிவரமே சொல்வது.

உங்கள் இரண்டாவது நண்பருக்கு வியட்நாமைக் காட்டுங்கள். அங்கேயும் கம்யூனிஸ்ட் கட்சி ஆட்சிதான். 1988-இல் நிலத்தை நீண்டகாலக் குத்தகையாக உழவர் குடும்பங்களிடம் விட்டார்கள், 1989-இல் நாணய மாற்று விகிதத்தை ஒன்றாக்கினார்கள்; அந்த ஆண்டே அரிசி ஏற்றுமதி பெரிய அளவில் தொடங்கியது. அமெரிக்கத் தடை நீங்கியதோ 1994-இல். முதல் நண்பருக்கும் இதையே காட்டலாம், ஒரு திருத்தத்தோடு: வியட்நாம் மீதிருந்த தடையை ஓர் அதிபரால் நீக்க முடிந்தது. கியூபாவின் தடையை 1996-ஆம் ஆண்டுச் சட்டம் இறுக்கிக் கட்டிவிட்டது. அமெரிக்க நாடாளுமன்றம் மனம் வைத்தாலொழிய முழுதாக அவிழாது.